மூன்று புள்ளி பதினேழின் கீழே

கீழம்பு விசையை ஒரு தடவை அழுத்தினால் கர்சர் அடுத்த வரிக்கு வர வேண்டும். வரவில்லை. திரையில் எங்குமே இல்லை. இரண்டாம் தடவை அழுத்தியதும், சமன்பாட்டுக்குக் கீழே இருந்த பத்தியின் முதல் எழுத்தருகே வந்து நின்று, எங்கேயும் போகாத பிள்ளை மாதிரி முழித்தது. இசக்கியம்மாள் மேலம்பை அழுத்தினாள். மறுபடியும் காணோம். இன்னொரு அழுத்து. மூன்று புள்ளி பதினேழு என்று எண் போட்ட சமன்பாட்டின் மேல் வந்து நின்றது. கண்ணுக்குத் தெரிவது ஒரு வரி. கடக்க இரண்டு அழுத்து வேண்டியிருக்கிறது. கீபோர்டில் தூசி அடைந்திருக்கும் என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை, ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமைதான் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பொத்தானாகத் துடைத்திருந்தாள். அவளுடைய டைப்பிங் கடையில் பக்கத்து நாற்காலியில் மசூது சார் டீயை ஊதிக்கொண்டிருந்தார். கடையநல்லூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், ஏழு வருஷமாகப் பகுதிநேர ஆராய்ச்சி மாணவர், இன்றைக்கு மட்டும் லீவு. நாலு மணிக்குள் எதிரே பல்கலைக்கழகத்தில் திருத்திய ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். திருத்தம் என்றால் பெரிய திருத்தமில்லை. அறுபத்தொன்றாம் பக்கத்திலிருந்து அறுபத்து நாலு வரை ஒரு தேற்றம் இருக்கிறது, அதை அப்படியே தூக்கிவிட வேண்டும். அதைத் தூக்கத்தான் கர்சரைக் கொண்டுபோனாள். தேற்றத்தின் முக்கியமான வரியே மூன்று புள்ளி பதினேழுதான்.

இசக்கியம்மாளுக்குக் கணக்கு தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பில் தட்டுத்தடுமாறிப் பாஸானதோடு அந்த உறவு முடிந்தது. ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்குத் துறை பதினோரு வருஷமாக இவள் விரல் வழியாகத்தான் வெளியே வந்துகொண்டிருக்கிறது. அவளுக்குத் தெரிந்தது உருவம். இழுத்துப்போட்ட எஸ் என்றால் இன்டக்ரல், திருப்பிப்போட்ட மூன்று எப்சிலான், கதவுநிலை மாதிரி நிற்பது பெருக்கல் தொடர். தலையில் தொப்பி போட்ட எக்ஸும் தொப்பி போடாத எக்ஸும் ஒன்றில்லை என்பது தெரியும், ஏன் ஒன்றில்லை என்பது தெரியாது. தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் கோடு தெரியாத ஒரு டேபிள் போடுவாள். மூன்று கட்டம்: இடப்பக்கம் வெறும் கட்டம், நடுவில் சமன்பாடு, வலப்பக்கம் அடைப்புக்குறிக்குள் எண். அப்போதுதான் எண்ணெல்லாம் ஓரத்தில் நூல் பிடித்தமாதிரி நிற்கும். மற்ற கடைக்காரர்கள் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எண்ணை ஓரத்துக்குத் தள்ளுவார்கள், அடுத்த கம்ப்யூட்டரில் திறந்தால் எல்லாம் கலைந்து கிடக்கும். இவள் வேலை கலையாது. பின்னம் வந்தால் வரி உப்பிக்கொண்டு கீழே உள்ளதையெல்லாம் தள்ளுகிறதே என்று கட்டத்தின் உயரத்தையும் பூட்டிவைப்பாள். அதற்கு இரண்டு வழி உண்டு. ‘அட் லீஸ்ட்’ என்று வைத்தால் உள்ளே இருப்பது வளர வளரக் கட்டமும் வளரும். ‘எக்ஸாக்ட்லி’ என்று வைத்தால் உள்ளே என்ன வளர்ந்தாலும் கட்டம் இம்மியும் அசையாது. எது கட்டத்துக்கு மேல் போகிறதோ அது தெரியாது, அவ்வளவுதான். அழியாது. தெரியாது. அச்சிலும் வராது. அவள் எப்போதும் வைப்பது எக்ஸாக்ட்லி. இதை நினைத்த மாத்திரத்தில், கர்சர் காணாமல் போகிற இடம் இதுவாக இருக்குமோ என்று கை மவுஸுக்குப் போயிற்று. கட்டத்தின் அடிக்கோட்டை மவுஸால் பிடித்து விரல்கடை அளவு கீழே இழுத்தால் போதும், உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். அவள் இழுக்கவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சார், மத்த கரெக்ஷன முதல்ல முடிச்சிருவோம். இத கடைசியில தூக்கிக்கிடலாம். நடுவுல தூக்குனா நம்பரெல்லாம் மாறி எனக்குக் கொழம்பிரும்."

"நீங்க சொன்னா சரிதான் மேடம்" என்றார் மசூது. நம்பர் தானாக மாறிக்கொள்ளும், அவள் கைபடவே வேண்டாம் என்பது அவருக்குத் தெரியாது. பொய் அவ்வளவு சுளுவாக வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

அவள் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போனாள். மேற்கோள் பட்டியலில் வருஷம் விட்டுப்போன இடம், ஒரு படத்துக்குத் தலைப்பு, கமா. கை பாட்டுக்கு வேலை செய்தது. தலை அங்கேயே நின்றது. மார்ஜின். போன தடவை இந்த ஆய்வேட்டை அச்செடுத்தபோது மார்ஜினை மாற்றியது எப்போது? மார்ஜினை அவள் கடைசியில்தான் மாற்றுவாள். அது பழக்கம். பைண்டிங்குக்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. ஆனால் ப்ரூஃப் எடுக்கும்போது அவ்வளவு இடம் விட்டால் தாள்தான் வீண், அதனால் ஒரு அங்குலத்தில் ப்ரூஃப் கொடுத்து, மூன்றாவது ப்ரூஃபும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகு, ஒன்றரையாக மாற்றி, மொத்தமாக ஐந்து பிரதி அச்செடுத்து பைண்டிங்குக்கு அனுப்பிவிடுவாள். மசூது சார் மூன்று ப்ரூஃபும் சிவப்புப் பேனாவோடு வரி வரியாகப் பார்த்தவர். பள்ளிக்கூடத்துப் பேப்பர் திருத்துகிறமாதிரி ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஒரு டிக். மூன்று புள்ளி பதினேழுக்கும் போட்டிருப்பார். அதற்குப் பிறகு பக்கம் அரை அங்குலம் ஒடுங்கியது. பக்கம் ஒடுங்கினால் டேபிள் ஒடுங்கும், டேபிள் ஒடுங்கினால் நடுக்கட்டம் ஒடுங்கும், ஒரு வரியில் நெருக்கி நின்ற சமன்பாடு இரண்டாக மடியும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தபோது வரி முடிய ஏழெட்டு எழுத்து இருக்கையில் மெஷின் டிங்கென்று ஒரு மணி அடிக்கும், நிறுத்து என்று. ஹையர் பரீட்சையில் முப்பது மெஷின் முன்னே பின்னே அடித்துக்கொண்டிருந்த மத்தியானம் இப்போதும் காதில் இருக்கிறது. அவளுடைய மெஷினில் மட்டும் மணி வேலை செய்யவில்லை, கண்ணாலேயே ஓரத்தைப் பார்த்துப் பார்த்து அடித்து முதல் வகுப்பில் தேறினாள். மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னார், இந்தப் பிள்ளைக்கு ஓரம் தெரியும் என்று. ஓரம் தெரிந்த லட்சணம் இது. இன்னொன்றும் உறைத்தது. வரி மடியும்போது கூட்டல் குறிக்கு முன்னால்தான் மடியும். குறி அடுத்த வரிக்கு இறங்கி அதன் தலையில் நிற்கும். மேல்வரி சுத்தமாக, முழுசாக முடிந்தமாதிரி இருக்கும். அந்தக் கூட்டல் குறி மட்டும் மேல்வரியின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு நின்றிருந்தால் எந்தக் குருடனும் கேட்டிருப்பான், இதற்கப்புறம் என்ன என்று. அவள் வேலை சுத்தமாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

மசூது தானாகவே பேசத் தொடங்கினார். கேட்க ஆளில்லாமல் நாளாகிவிட்டது போலும்.

"அந்த வெளிநாட்டு எக்ஸாமினர் ஒரே ஒரு வரிதான் எழுதிருந்தாரு மேடம். என்-னுக்கு ரெண்டு போட்டா இந்தத் தேற்றம் தப்புன்னு. நானும் போட்டுப் பாத்தேன். தப்புதான். உடைஞ்சிபோகுது. பச்சப்புள்ள கூடக் கண்டுபிடிச்சிரும்."

"நீங்க எழுதுன நோட்டு இருக்குமே சார்?"

"வீடு மாறும்போது மழையில நோட்டு, ப்ரூஃபு எல்லாம் ஊறிப்போச்சி. இருந்தாலும் என்ன, நான் எழுதினதுதானே அச்சுல இருக்கு. நாலு மாசம் மேடம். எப்படி இந்த வரிக்கு வந்தேன்னு உக்காந்து பாக்கேன், வழியே தெரியல. அப்ப அன்னைக்கு வழி தெரிஞ்சமாதிரி இருந்ததெல்லாம் என்னது? கைடு சொல்லிட்டாரு, வாதம் பண்ணாத, எடுத்துரு, மிச்சம் இருக்கறதுக்கே டிகிரி கெடைக்கும்னு. டிகிரி கெடைச்சிரும்."

இன்னும் ஏதோ சொல்ல வந்து டீ கிளாஸின் அடியில் தங்கிய சர்க்கரையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு, சாதாரண விஷயம் சொல்கிறமாதிரி, ஹெட்மாஸ்டரிடம் எழுதிக்கொடுத்து ப்ளஸ் டூ வகுப்பை விட்டுவிட்டதாகச் சொன்னார். இப்போது ஆறாம் வகுப்பு எடுக்கிறார். போர்டில் கணக்குப் போட்டுக்கொண்டே போகையில் பாதியில் கை நின்றுவிடுகிறதாம். அடுத்த வரி சரியா என்று சந்தேகம். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். சுண்ணக்கட்டி கையில் அப்படியே இருக்கிறது. "பதினாறு வருஷம் எடுத்த பாடம் மேடம். ஆறாம் கிளாஸ்ல பின்னக் கூட்டல், அது தப்பாது பாத்தீங்களா, அதான் கேட்டு வாங்கிட்டேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இசக்கியம்மாளால் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்தாள். அவளுக்கு அந்த மனுஷன்மேல் கோபம்தான் முதலில் வந்தது. அச்சில் வந்ததை இப்படியா நம்புவது? உன் தலையை நம்பாமல் என் தாளை நம்புவாயா? நான் யார், பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் கரையேறினால் போதுமென்று இருந்தவள், என் டேபிள் சொல்வதைக் கேட்டு ப்ளஸ் டூவை விட்டுவிட்டு ஆறாம் வகுப்புக்கு ஓடுவாயா? கோபம் கொஞ்சநேரம்தான் தாக்குப்பிடித்தது. அது தன்மேல் வர வேண்டியது, வழிதவறி அவர்மேல் போய்விட்டது என்பது அவளுக்கே தெரிந்தது.

சொல்லாமல் இருந்தால் என்ன? வெளியே ஷேர் ஆட்டோக்காரன் பேட்டை பேட்டை என்று கத்திக்கொண்டிருந்தான், ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சூடான மை வாசனை வந்தது, எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தது. நாலு பக்கத்தையும் தேர்ந்தெடுத்து டெலீட் அடித்தால், தெரிந்த வரியும் தெரியாத வரியும் சேர்ந்தே போய்விடும். சாட்சி இல்லை. நாலு மணிக்கு ஒப்படைப்பார், டிகிரி வரும், பேருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்வார். ஒருவேளை கீழே ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். வெறும் என்டர் விழுந்து கிடக்கலாம். அப்படி எத்தனை தடவை கண்டிருக்கிறாள். வெறும் என்டராக இருந்தால் இந்த மனுஷனிடம் ஏதேதோ சொல்லி ஆசை காட்டிக் கெடுத்தமாதிரி ஆகும். அப்படியானால் இழுத்துப் பார்க்க வேண்டியதுதானே? பார்க்கலாம். பார்த்து, இருந்துவிட்டால்? பார்க்காதவரைக்கும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. பார்த்துவிட்டால் தெரிந்தவள் ஆகிவிடுவாள். இசக்கியம்மாள் அடித்தால் தப்பு இருக்காது என்பதுதான் இந்தத் தெருவில் அவளுக்கு இருக்கும் பேர். துறையில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் கைடுகளே அதைச் சொல்லி அனுப்புவார்கள். இரண்டு கடை தள்ளி இருக்கிற பாஸ்கருக்கு இது தெரிந்தால் டீக்கடையில் வைத்து நன்றாகப் பேசுவான். புருஷன் சுடலைமுத்துவிடம் சொன்னால், ஒனக்கென்னட்டி, அவர் பாக்க வேண்டியது அவர் பாக்கல, நீ எதுக்கு வலியப்போய் மாட்டுத என்பான். மினிபஸ் ஓட்டுகிறவன், மோதினாலும் எதிரே வந்தவன் தப்பு என்றே பழகியவன். அவன் சொல்வதும் ஒரு வகையில் நியாயம்தான். கையெழுத்துப் போட்டது அவர். கடைசிப் பிரதியைப் பிரித்துப் பார்க்காதது அவர். நியாயம் எல்லாம் வரிசையாக வந்து அவள் பக்கம் நின்றது. நின்றும் என்ன, விரல் டெலீட் பொத்தானுக்குப் போக மாட்டேன் என்றது.

மணி பன்னிரண்டே முக்கால். மற்ற திருத்தமெல்லாம் முடிந்தது. மசூது பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தார்.

"மேடம், இன்னொண்ணு. நன்றியுரையில போன தடவ உங்க பேர விட்டுட்டேன். தப்பு எம்மேலதான். கடைசியில இதச் சேத்துருங்க."

ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், வாத்தியாருக்கே உரிய குண்டு குண்டான கையெழுத்தில். திருமதி இசக்கியம்மாளுக்கு என் நன்றி. இந்த ஆய்வேட்டில் காணப்படும் தவறுகள் அனைத்தும் என்னுடையவை, ஒன்றுகூட அவருடையதல்ல. எல்லா ஆய்வேட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதுவதுதான். நூறு தடவை தன் பெயரைத் தானே அடித்து, கூச்சமெல்லாம் என்றைக்கோ போய்விட்டது. அவள் அடிக்கத் தொடங்கினாள். தவறுகள் வரை வந்தாள். அனைத்தும் வரை வந்தாள். அடுத்த வார்த்தைக்குக் கை போகவில்லை. அவமானமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அதுவும் ஒரு துண்டுத்தாளைப் பார்த்து. அப்படியே விட்டுவிட்டு அறுபத்திரண்டாம் பக்கத்துக்குப் போனாள். கட்டத்தின் அடிக்கோட்டில் மவுஸை வைத்தாள். இழுத்தாள்.

கூட்டல் குறி முதலில் வந்தது. பின்னால் ஒரு பின்னம், அதன் கீழே வர்க்கமூலம், அடுத்து ஒரு அடைப்புக்குறி. முழு வரி.

"சார்" என்றாள். "இதப் பாருங்க."

மசூது பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அவள் ஒப்பித்தாள், ஒன்றும் விடாமல்: மார்ஜினை மாத்துனது நான், கட்டத்தோட உயரத்தப் பூட்டுனது நான், வரி மடிஞ்சி உள்ள போயிட்டு, அச்செடுக்கையில பாக்காம விட்டதும் நாந்தான் சார். என்ன கேட்டாலும் கேட்டுக்கொள்வது என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவர் காதில் அது எதுவும் ஏறினமாதிரி தெரியவில்லை. மேஜைமேல் கிடந்த எக்ஸாமினர் அறிக்கையைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார். என்-னுக்கு இரண்டு. கை நிற்கவில்லை. ஒரு வரி, அதன் கீழ் ஒரு வரி, அதன் கீழ் ஒரு வரி. அடித்தல் இல்லை, தயக்கம் இல்லை.

"வருது" என்றார் மெதுவாக. அடுத்து மூன்று போட்டார். "வருது மேடம். வருது. நான் தப்பாப் போடல." எழுந்து வாசல்வரை போனார், வெயிலைப் பார்த்தார், திரும்பி வந்தார். கண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. கைடுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் குரல் ஏறிற்று: "இல்ல சார், எடுக்க மாட்டேன். எக்ஸாமினருக்குப் பதில் எழுதுதேன். பிரின்ட்ல ஒரு வரி விட்டுப்போச்சி, அவ்வளவுதான்." அடுத்து ஹெட்மாஸ்டருக்கு. திங்கட்கிழமையிலிருந்து ப்ளஸ் டூ நானே எடுக்கேன் சார் என்றார். அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து வாங்கிக்கொண்டு, மை காயுமுன்னே கைடைப் பார்க்கக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அவள் முகத்தை அப்போதுதான் கவனித்தவர்போல், "மேடம், நீங்க ஏன் இப்படி இருக்கீங்க? விடுங்க. ஒரே ஒரு வரிதானே" என்றார்.

இசக்கியம்மாளும் தலையை ஆட்டினாள். அவர் ரோட்டைத் தாண்டி உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை, ஒரு டீ சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது. ஒரே ஒரு வரிதானே. திட்டியிருந்தால்கூட இவ்வளவு தைத்திருக்காது. ஒன்றுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இந்த டேபிளை மசூது சாருக்கென்று புதிதாகவா போட்டாள்? பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை போட்டாள், நன்றாக வந்தது, அதையே எடுத்து எடுத்து எல்லாருக்கும் ஒட்டினாள். உயரம் பூட்டிய அதே கட்டம். மார்ஜின் எல்லாருக்கும் கடைசியில்தான். ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, எல்லாருக்கும். கம்ப்யூட்டரில் வருஷவாரியாக ஃபோல்டர்கள் இருந்தன. முதல் வருஷத்தைத் திறந்தாள். பேர் பேராக வரிசை நின்றது, நிறைய முகங்கள் மறந்துபோயிருந்தன. முதல் ஆய்வேட்டில் ஒவ்வொரு கட்டமாக இழுத்தாள், ஒன்றுமில்லை. இரண்டாவது, சொர்ணலட்சுமி என்று ஒரு பெண்ணுடையது. நாலாம் அத்தியாயம்வரை ஒன்றுமில்லை. நாலு புள்ளி ஒன்பதை இழுத்தபோது கீழிருந்து ஒரு கழித்தல் குறி வந்தது, அதன் பின்னால் நீளமாக ஒரு வரி. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து டிகிரி வாங்கியவர்கள் எல்லாரும் இந்தக் கடைக்கு ஒரு பொட்டலம் அல்வாவோடு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள், அது ஒரு வழக்கம். வராதவர்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஒல்லியாக, குடையை மடியில் வைத்துக்கொண்டு இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண். சொர்ணலட்சுமி அல்வா கொண்டுவந்தாளா? எவ்வளவு யோசித்தும் இசக்கியம்மாளுக்கு ஞாபகம் வரவில்லை.